பதினொரு மணித் தண்ணீர்

மொத்தம் ஐந்தே வீடுகள்தான். ஆனால் சங்கத்தில் பதவிகள் ஏழு. ஆள் போதாததால் தலைவரே துணைத் தலைவராகவும் நீர் மேலாண்மைக் குழுவின் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தார். தமக்குத் தாமே கடிதம் எழுதுவார், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிடுவார், இரண்டு நாள் பரிசீலனையில் வைத்திருந்துவிட்டுப் பெருந்தன்மையோடு அனுமதி வழங்குவார்.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர்க் கட்டணத்தைப் பிரிக்கும் முறை நான்கு ஆண்டுகளில் மூன்று விதமாகிவிட்டது. முதலில் எல்லா வீட்டுக்கும் சம பங்கு. அதற்குத் தலைவர் சமத்துவம் என்று பெயர் வைத்திருந்தார். ஐந்தாம் தளம் முழுக்க அவருடையது: மூன்று குளியலறை, மொட்டை மாடிக்குத் தனிப் படி, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குக் குளியல் தொட்டி. முதல் தளத்தில் பாதியை ஜெனரேட்டர் அறை விழுங்கியது போக மிஞ்சியதில் ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, மூன்று குழாய். இரண்டுக்கும் ஒரே பங்கு என்றால் மேலே இருப்பவருக்குச் சமத்துவம் கசக்கவா செய்யும்? மூன்றாம் தளத்து வங்கிக்காரர்தான் ஒருநாள் கால்குலேட்டரோடு கூட்டத்துக்கு வந்து, சதுர அடியையும் குளியலறை எண்ணிக்கையையும் வைத்துப் பிரித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரித்தார்கள். பாதிக் கட்டணம் தலைவர் தலையில் விழுந்தது. மறுமாதமே அவருக்கு ஞானம் பிறந்தது.

"குளியலறையா தண்ணி குடிக்குது? மனுஷன்தான் குடிக்கிறான்! சம்சாரம் மகன் வீட்டோட போயாச்சு. நான் ஒண்டி ஆள். ஒரே ஒரு வாளியில குளியல முடிக்கிறவன். மீட்டர் வைப்போம். அறிவியல் பேசட்டும்!"

தொட்டியில் ஊறுவது முதுகுவலிக்கான சிகிச்சை. சிகிச்சையை எப்படிக் குளியலில் சேர்ப்பது?

அறிவியல் பேசுவதற்கு மொட்டை மாடியில் விழா எடுத்தார்கள். நீர்த்தொட்டியிலிருந்து வரிசையாக இறங்கும் ஐந்து குழாய்கள். ஐந்திலும் ஐந்து மீட்டர். ஒன்று முதல் ஐந்து வரை பளபளக்கும் இலக்க வில்லைகள். குறுக்கே சிவப்பு நாடா, கையில் கத்தரிக்கோலோடு தலைவர். அந்தப் புகைப்படம் சட்டம் போட்டுக் கீழே மின்தூக்கிக்கு எதிரே மாட்டப்பட்டது. எந்த வீட்டில் எந்த மணிக்கு எத்தனை லிட்டர் போனது என்பது அவரவர் கைப்பேசியிலேயே நீலக் கோடுகளாகத் தெரியும்.

அந்த நீலக் கோடு ஒன்றுதான் முதல் தளத்துக் கண்ணாடிக்காவைத் தூங்கவிடாமல் செய்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வாள். அதனால் காவலாளி முதல் குழாய்க்காரர் வரை எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்கா. சொந்தப் பெயரை யாரும் கேட்காதது அவளுக்கும் வசதியாகவே இருந்தது. எட்டாவது படிக்கும் மகளோடு ஒன்றரை ஆண்டுக்கு முன் குடிவந்தவள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு வீடு மாறியவள். காரணம் அவன்; போன இடமெல்லாம் தேடி வந்துவிடுவான்.

அவன் என்றால் அவள் கணவன். வெளியில் தங்கமான மனிதன். கோபம் வந்தால் கத்த மாட்டான். எழுந்து போய்க் குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வருவான். வாளியில் தண்ணீர் தடதடவென்று விழும். அந்தச் சத்தத்தில் உள்ளே நடப்பது எதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. பிறகு போய்க் குழாயை மூடிவிட்டு, "தண்ணிய இப்படியா வீணாக்குறது?" என்று கேட்பான்.

ஆகவே கைப்பேசியில் அந்தக் கோட்டை முதன்முதலாகப் பார்த்தபோது, மற்றவர்களைப் போல அவளுக்குக் கட்டணம் நினைவுக்கு வரவில்லை.

காலை பதினொரு மணி. முந்நூற்று இருபது லிட்டர். அவள் கடையில் இருந்தாள், மகள் பள்ளியில் இருந்தாள், வீடு பூட்டியிருந்தது.

மறுநாளும் பதினொரு மணி. முந்நூறு. அதற்கு அடுத்த நாளும்.

கசிவாக இருக்கலாம் என்று குழாய்க்காரரை அழைத்தாள். அவர் சமையலறை, குளியலறை, கழிப்பறைத் தொட்டி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். சுவரில் காதை வைத்தும் கேட்டார்.

"ஒரு சொட்டு ஒழுகலக்கா. உங்க வீட்டுக் குழாய்ங்கள ஊருக்கே காட்டலாம்."

"அப்ப தண்ணி எங்க போகுது?"

"ஒழுகுறதுன்னா ராப்பகலா ஒழுகும்க்கா. இது டாண்ணு பதினொன்னுக்கு வந்து பதினொன்னரைக்குப் போகுது. இது ஒழுக்கு இல்ல, ஆளு." அவர் சிரித்துக்கொண்டே திருப்புளியைப் பையில் போட்டார். "நீங்க இல்லாத நேரம் யாரோ சொகமா குளிக்கிறாங்க போல."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அன்றே பூட்டை மாற்றினாள். பதினொரு மணிக்குத் தண்ணீர் போனது. சன்னல் கொக்கிகளைக் கம்பியால் கட்டினாள். போனது. காலையில் கிளம்பும்போது முகப்பவுடரைக் குளியலறைத் தரை முழுக்கத் தூவிவிட்டுப் போனாள். மாலையில் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், தூவியது தூவியபடி ஒரு விரல் தடம்கூட இல்லை. கைப்பேசியில் முந்நூற்று நாற்பது லிட்டர். தடம் இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

பயம் பிடித்தவளுக்கு வீடே சாட்சி சொல்லத் தொடங்கியது. பற்பசை மூடி திறந்திருந்தது. மூடிவிட்டுத்தானே போனோம்? துண்டு கொடியின் இடது ஓரத்தில் கிடந்தது. எப்போதும் வலது ஓரத்தில்தானே போடுவோம்? மகள் பள்ளி விட்டு மூன்றரைக்குத் தனியாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள் என்பதை நினைத்தால் கண்சோதனை நாற்காலியில் இருப்பவருக்கு எந்த வரியைக் காட்டினோம் என்பதே மறந்துபோனது.

"இனிமே ஸ்கூல் விட்டா நேரா கடைக்கு வந்துடு."

"ஏம்மா? அங்க உக்கார இடமே இல்லையே."

"சொன்னதச் செய்டீ."

மகள் "அப்பாவாம்மா?" என்றாள். மிகச் சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பது போல.

கண்ணாடிக்கா பரண் மேலிருந்த சிறிய பெட்டியை இறக்கித் துடைத்தாள். மகளும் வேறொன்றும் கேட்காமல் தன் சான்றிதழ் உறையை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தாள். எதை எதற்கு அடுத்து வைக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

மாதம் முடிந்ததும் மின்தூக்கி எதிரே அறிவிப்புகள் இரண்டு தொங்கின. முதலாவது: குறைந்த அளவு நீரைப் பயன்படுத்திய ஐந்தாம் தளத்துக்கு 'நீர்க்காவலர்' விருது. தலைவருக்குத் துணைத் தலைவர் வழங்கினார். இரண்டாவது: முதல் தளம் அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தியுள்ளதால் உரியவர் நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டியது.

தலைவர் தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு மேசையைப் போட்டு அதை அலுவலகம் என்று அழைத்து வந்தார். போய் நின்ற அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. உள்ளது ரெண்டு உருப்படி. பதினோராயிரம் லிட்டர்! என்னம்மா, வீட்டுக்குள்ள சலவைக்கடை நடத்துறீங்களா? இல்ல ஆள் வச்சிருக்கீங்களா?"

"நாங்க ரெண்டு பேருதான் சார். பகல்ல வீட்டுல யாருமே இல்ல."

"யாருமே இல்லாத வீட்டுல தண்ணி ஓடுது. நான் நம்பணும்." அவர் சுவரைக் காட்டினார், விருது ஏற்கெனவே சட்டத்துக்குள் இருந்தது. "மூணு குளியலறை இருக்கிற வீடும்மா இது. என் கணக்கப் பாருங்க, நூத்து முப்பது லிட்டர் தாண்டின நாளே கிடையாது. எப்படி? கட்டுப்பாடு! மனுஷனுக்கு மனசுல வேணும் மீட்டர்."

"எனக்கே புரியல சார். எதோ தப்பு..."

"மீட்டர் பொய் சொல்லாது." அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "உங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாகிட்ட பேசிட்டேன். சங்கம் என்ன சொல்லுதோ அதுதான் முடிவுன்னுட்டாங்க. விதிமுறைப்படி இந்த மாதிரி விஷயத்துக்குக் குடும்பத் தலைவர்தான் விளக்கம் கொடுக்கணும். படிவத்துல அந்த இடத்த நீங்க காலியா விட்டிருக்கீங்க."

"அவரு எங்ககூட இல்ல சார்."

"இல்லாட்டி என்ன? அடையாள அட்டை நகல்ல கணவர் பேரும் பழைய முகவரியும் இருக்கே. சனிக்கிழமைக்குள்ள திருப்தியான விளக்கம் வரலேன்னா அந்த முகவரிக்கே பதிவுத் தபால் போட்டுடுவேன். 'தங்கள் மனைவியும் மகளும் வசிக்கும் இந்தக் குடியிருப்பில்...'னு ஆரம்பிச்சு எழுதியும் வச்சாச்சு." அவர் உறையைத் தூக்கிக் காட்டினார். ஊதா மையில், முத்து முத்தான கையெழுத்தில், அந்த முகவரி. கீழே அனுப்புநர் என்று இந்தக் கட்டடம்.

"வேண்டாம் சார்." அவள் கை உறையை நோக்கி நீண்டது. "அது மட்டும் வேண்டாம். வேற என்ன வேணாலும்..."

"நடைமுறைம்மா, நடைமுறை. நானே நினைச்சாலும் மாத்த முடியாது," என்றார், அந்த நடைமுறையை முந்தின வாரம் ஒரே ஆளாக நிறைவேற்றியவர்.

ஆக, கணக்கு இப்படி நின்றது. அவன் ஏற்கெனவே வந்துபோகிறான் என்றால் ஓட வேண்டும். வரவில்லை என்றால், தலைவரே தபால் தலை ஒட்டி வரவழைக்கப் போகிறார். அப்போதும் ஓட வேண்டும். இடையில் இருந்தவை இரண்டே நாட்கள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு விடுப்புச் சொன்னாள். மகளைப் பள்ளியில் விட்டாள். வழக்கமாக வேலைக்குப் போவது போலவே பையை மாட்டிக்கொண்டு கட்டடத்தைவிட்டு வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தாள்.

காவலாளி பார்த்துவிட்டார். "என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஆமாண்ணா. நான் வந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"யாரு கேக்கப்போறா? தலைவர் ஐயாகூட பதினொன்னுக்கு முன்னாடி கீழ வரமாட்டாரு, அப்புறமும் ஒரு மணி நேரம் வரமாட்டாரு." அவர் தம் தேநீரில் கவனமானார். அந்தச் சொல்லை அவளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் வந்து தாழிட்டாள். கைப்பேசியின் ஒலியை அணைத்தாள். சமையலறையிலிருந்து குழவிக்கல்லை எடுத்துக்கொண்டாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், துண்டு தொங்கும் மூலையில், சுவரோடு சுவராக நின்றாள். பவுடர் வாசனை இன்னும் இருந்தது. பத்தே முக்கால். பத்து ஐம்பது. மின்தூக்கி எங்கோ நின்று எங்கோ போனது. படியில் செருப்புச் சத்தம் வந்து, வாசல் வரை வந்து, நின்றது. அவள் மூச்சைப் பிடித்தாள். எதையோ கீழே வைக்கும் ஒலி. பிறகு செருப்பு மேலே ஏறிப் போனது. பால் பாக்கெட்டோ, தாளோ. குழவிக்கல் வியர்வையில் வழுக்கியது.

பதினொன்று.

வாசலில் சாவி திரும்பவில்லை. சன்னல் அசையவில்லை. கைப்பேசித் திரையில் மட்டும் நீலக் கோடு மெல்லத் தலைதூக்கியது.

பத்து லிட்டர். இருபது.

அவள் குழாயைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நாற்பது. குனிந்து குழாய் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு துளி இல்லை. வாளி கவிழ்ந்தபடி கிடந்தது. எழுபது. இந்த அறையில், அவள் நிற்கும் இந்த இடத்தில், அவள் கண்ணெதிரே, யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் தெரியவில்லை, கேட்கவில்லை. நூற்றுப் பத்து. காதுக்குள் மட்டும் தடதடவென்று வாளியில் விழும் அந்தப் பழைய சத்தம் கேட்டது. அது கேட்டால் அடுத்து என்ன வரும் என்று அவள் முதுகுக்குத் தெரியும். முதுகு தானாகவே சுவரில் ஒட்டிக் குறுகியது.

அடுத்து எதுவும் வரவில்லை.

அவளுக்குள் என்னவோ ஒன்று அறுந்தது. பயம்தான், ஆனால் ஓடச் சொல்லும் பயமில்லை. முதலில் இந்தத் தண்ணீரை மூட வேண்டும். யார் திறந்தாலும் சரி. ஆளோ பேயோ, இன்றைக்கு நான் மூடுவேன்.

குழவிக்கல்லோடு கதவைத் திறந்து படியேறினாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஐந்து மாடியும் ஒரே மூச்சு. மொட்டை மாடி வெயிலில் கண் கூசியது. தொட்டி, ஐந்து குழாய், ஐந்து மீட்டர். ஒன்று என்ற வில்லை ஒட்டிய மீட்டரில் முள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த அடைப்புத் திருகை மறு கையால் பிடித்து இறுக்கி மூடினாள். முள் நின்றது.

ஒரு கணம் அமைதி.

பிறகு காலுக்குக் கீழேயிருந்து, ஐந்தாம் தளத்திலிருந்து, கம்பீரமான ஆண்குரல் ஒன்று கிளம்பியது.

"எவன்டா அது! தண்ணி! டேய், தண்ணீஈ!"

அவள் திருகைத் திறந்தாள். குரல் நின்றது. மூடினாள். "கண்ணு எரியுதுடா!" என்று அலறியது.

குனிந்து பார்த்தாள். குழாயின் பின்பக்கம், தொட்டியை ஒட்டிய பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் எண் இருந்தது. ஐந்து. அடுத்ததின் பின்னால் நான்கு. அதற்கடுத்து மூன்று. அவளுக்குக் கடையின் குறுகலான அறை நினைவுக்கு வந்தது. இடம் போதாததால் எழுத்துப் பலகையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே கண்ணாடி வைத்து, அதில் படிக்கச் சொல்வார்கள். பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலமாக இருக்கும். கண்ணாடியில்தான் நேராகும். அங்கே இடப்பக்கம் இருப்பது இங்கே வலப்பக்கம்; அந்தப் பக்கம் நின்று எண்ணினால் ஐந்து, இந்தப் பக்கம் நின்று எண்ணினால் ஒன்று. தினமும் அதை வைத்துச் சோறு தின்பவளுக்கு, தினமும் கடந்துபோன புகைப்படத்தில் அது உறைக்கவில்லை.

குழாய்க்காரரை அழைத்தாள்.

"சிவப்பு பெயின்டா? நான் போட்டதுதான்க்கா. அதுதான் சரியான கணக்கு. தொட்டிப் பக்கம் நின்னு போட்டேன். விழா அன்னிக்கு எதிர்ப் பக்கத்துலேர்ந்து போட்டோ எடுக்குறப்போ அஞ்சு, நாலு, மூணுன்னு வந்துச்சு. 'இறங்குமுகமா இருக்கு, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? வளர்ச்சின்னா ஒன்னுலேர்ந்து போகணும்'னு தலைவர் கோவிச்சுக்கிட்டாரு. வில்லைய மட்டும் மாத்தி ஒட்டச் சொன்னாரு. போட்டோ முடிஞ்சதும் திருப்பி ஒட்டிடலாம், வில்லையப் பாத்து எந்த மீட்டர் எந்த வீட்டுக்குன்னு கைப்பேசியில ஏத்துறத நான் பாத்துக்கிறேன்னாரு. ஏன்க்கா, திருப்பி ஒட்டலையா?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எந்த மீட்டரிலும் ஏறாத தண்ணீர். அவன் வரவில்லை. அவன் வரவே இல்லை.

தனிப் படி வழியாகத் தலைவர் வந்துவிட்டார். இடுப்பில் துண்டு, தலையில் நுரைக் கோபுரம், ஒரு கண் இறுக மூடியிருந்தது. கண் பரிசோதனைக்கு வந்தவர் போலவே இருந்தார்.

"யாரு என் தண்ணிய மூடுனது?"

"என் தண்ணியத்தான் சார் மூடினேன்." அவள் வில்லையைக் காட்டினாள். "ஒன்னுன்னு போட்டிருக்கே. படிக்க முடியுதா?"

அவர் ஒற்றைக் கண்ணால் படித்தார். வில்லையைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், அவள் கையிலிருந்த குழவிக்கல்லைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். நுரை வழிந்து மீசைக்கு வந்தது.

"அது... அது முதுகுக்கு ஒரு சிகிச்சை," என்றார் கடைசியில்.

"நல்லா பண்ணுங்க சார். எனக்கு ஒன்னுதான் வேணும். அந்தக் கடிதம். அப்புறம் என் அட்டை நகல்."

"விதிமுறைப்படி கோப்புலேர்ந்து..."

அவள் திருகின் மேல் கையை வைத்தாள்.

"இருங்கம்மா, இருங்க! இன்னும் தபால்ல போடல. இதோ எடுத்துட்டு வரேன். இந்த வில்லை விஷயம் மட்டும், நமக்குள்ளயே... வங்கிக்காரருக்குத் தெரிஞ்சா கால்குலேட்டர எடுத்துட்டு வந்துடுவாரு."

ஈரக் கையாலேயே இரண்டையும் எடுத்து வந்தார். உறையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஊதா மை முழுக்கக் கரைந்து பரவி, முத்து முத்தான எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் உறையைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். மேல் வரி தெரியவில்லை. இரண்டாவது தெரியவில்லை. மூன்றாவதும். அந்த முகவரியை உறக்கத்திலும் ஒப்பிக்கக்கூடியவளாலேயே ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

திருகைத் திறந்துவிட்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை புதிய அறிவிப்பு தொங்கியது. இக்கட்டடத்தின் தனித்துவமான அமைப்பையும் வசதிகளையும் ஆழ்ந்து ஆராய்ந்ததில் மீட்டர் முறை ஏற்றதல்ல எனத் துணைத் தலைவர் பரிந்துரைத்ததைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். இம்மாதம் முதல் மீண்டும் சம பங்கு. முதல் தளத்துக்கு அனுப்பிய கோரிக்கை திரும்பப் பெறப்படுகிறது. விருதைப் பற்றி எதுவும் இல்லை. அது சுவரிலேயே இருந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, அந்த வெள்ளிக்கிழமை மாலை, கடைக்குப் போய் அம்மா அங்கே இல்லாததால் தானே வீட்டுக்கு ஓடி வந்த மகள், வாசலில் மூச்சு வாங்க நின்று பெட்டியைப் பார்த்தாள். பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள்.

"எப்பம்மா கிளம்பணும்?"

"எங்கயும் இல்ல. அப்பா இல்லடீ. தலைவர் குளிச்சிருக்காரு."

"நம்ம வீட்டுலயா!"

நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை தரையில் உருண்டு சிரித்தாள். நுரைக் கோபுரத்தை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரத்தில் தடதடவென்று விழுந்தது.

கண்ணாடிக்காவின் முதுகு சுவரை நோக்கி நகர்ந்தது. பாதியில் அவளே அதை நிறுத்தினாள்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்டீ," என்றாள். "மூடாத."

நின்று கேட்டாள். தண்ணீர்ச் சத்தம்தான். அதற்குப் பின்னால் விக்கல் சத்தம்.

பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். சான்றிதழ் உறையை மட்டும் எடுக்காமல் பெட்டியை மூடினாள். பரண் மேல் ஏற்றவில்லை. கட்டிலுக்குக் கீழே, கை எட்டுகிற தூரத்தில் தள்ளி வைத்தாள்.